புடலங்காய்க்குக் கட்டிய கல்

புடலம்பிஞ்சு வளைந்துவிடக் கூடாதென்று அதன் நுனியில் சணல் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். கல்லுக்குப் பொறுப்பு தலைக்கேறிவிட்டது.

"நேரா இரு. பக்கத்துப் பந்தல் பாகற்காயோட உனக்கென்ன பேச்சு? நேத்து ஒரு சாண், இன்னிக்கு ஒரு முழம். யாரைக் கேட்டு வளர்ந்தே?"

விடிந்ததிலிருந்து இதே நச்சரிப்பு. பிஞ்சுக்குப் பொறுக்கவில்லை.

"இழுக்காதே பெரிசு!" என்று கத்தி, உடம்பை முறுக்கி உதறியது. முடிச்சு இளகியது.

கல் கீழே தரையைப் பார்த்தது. விழுந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது. பிஞ்சுதான் சுருண்டுபோய், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"நான் எங்கே இழுக்கிறேன்? தொங்குறேன், அவ்வளவுதான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுத் தொங்கு."

கல் வாயை மூடிக்கொண்டது. பிஞ்சு பாகற்காயோடு விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியானம் காரணமே இல்லாமல் அழுதது. கல்லுக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் ஏனென்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பெருங்காற்று அடித்துப் பந்தலே ஆடியது.

"ஏய் பெரிசு, இருக்கியா?"

"இருக்கேன்."

"சரி, சரி. அதுக்காகப் பேச ஆரம்பிச்சிடாதே."