அக்கரை சேர்ந்த ஆடு

ஆற்றங்கரையில் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றும் நின்றன. படகில் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்றலாம். ஓடக்காரர் செவத்தியான் பக்கத்தில் இருக்கும்வரை யாரும் யாரையும் தொடமாட்டார்கள். அவர் நகர்ந்தால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்தார்.

ஆட்டுக்குக் கொம்பு தினவெடுத்தது. மூளையைக் காட்ட இப்படியொரு வாய்ப்பு தினமுமா வரும்?

"அண்ணே, முதல்ல என்னை அக்கரையில விடுங்க. புலி புல்லைத் தொடாது. அடுத்து புல்லைக் கொண்டுபோங்க. ஆனா திரும்பும்போது என்னைக் கூட்டிட்டு வந்துடுங்க, இல்லேன்னா மேஞ்சுடுவேன். என்னை இங்க இறக்கிட்டுப் புலியை ஏத்துங்க. கடைசியா வந்து என்னை ஏத்திக்கோங்க."

"கணக்குல நீ புலிதான், தம்பி," என்றது புலி. ஆடு கூச்சப்படுவதுபோல் தாடியை ஆட்டிக்கொண்டது.

"அதுக்கப்புறம்?" என்று புல்லுக்கட்டு மெல்லக் கேட்டது.

"அது கேள்வியிலயே இல்லையே," என்றது ஆடு. "உனக்கெல்லாம் சொன்னா மண்டையில ஏறாது."

எல்லாம் ஆடு சொன்னபடியே ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. அக்கரையில் இறங்கிய ஆடு, பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பியது. செவத்தியான் படகைக் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிட வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

புலி அவசரப்படவில்லை.

"படிப்படியாவே போவோம், தம்பி," என்றது. "முதல்ல நீ புல்லைச் சாப்பிடு."