மேட்டிலிருந்து வந்த குரல்

ஒரு வாழைத்தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்க்க இரண்டு கருவிகளை நட்டிருந்தார்கள். ஒன்று மேட்டில், மற்றொன்று வாய்க்கால் ஓரத்தில். மேட்டுக் கருவி கம்பியில்லாமல் அனுப்பும் சேதியை வாய்க்கால் கருவி வாங்கி மோட்டாரிடம் சொல்லும். மோட்டார் தண்ணீர் விடும்.

முதல் வருஷம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் பேசிக்கொண்டன. வெயில், தூறல், புதுக் குருத்து எல்லாம் பேச்சில் வரும். பிறகு, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று, மண் காய்ந்தால் மட்டும் பேசும்படி தோட்டக்காரர் மாற்றிவிட்டார். வாய்க்கால் கருவிக்கு அந்தப் பழைய பேச்சு அடிக்கடி ஞாபகம் வரும். சத்தமில்லை என்றால் மேட்டில் இருப்பவள் நன்றாக இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்.

ஒருநாள் ஓணான் ஒன்று வந்து, "மேட்டுல வாழையெல்லாம் தொங்கிப்போச்சே, தெரியாதா?" என்றது.

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"நாலு நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. அவ மேலே சருகு மூடிக்கிடக்கு, குரல் எழும்பலை."

வாய்க்கால் கருவி பேட்டரியைப் பற்றி யோசிக்காமல் காதை முழுசாகத் திறந்தது. "காஞ்சுபோச்சு, காஞ்சுபோச்சு" என்று மெலிந்த குரல் கேட்டது. உடனே மோட்டாரிடம் சொன்னது. சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் மேடேறியது.

சாயங்காலம் வாய்க்கால் கருவி, "இப்ப எப்படி இருக்கே?" என்று விசாரித்தது.

"ஈரம் வந்துடுச்சு. என்மேல கிடக்கிற சருகுல ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கு."

"என்ன நிறம்?" என்று கேட்டது வாய்க்கால் கருவி.