விலாசம் பார்க்கும் கவசம்

கல்குவாரியில் கொடுக்கும் தலைக்கவசத்துக்குள்ளேயே போன் இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருள் பேச்சைக் கேட்காது. யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற விலாசத்தை மட்டும் பார்க்கும். கம்பெனிக்கு அது போதும். நுரையீரல் ஆஸ்பத்திரிக்குப் பேசிய மாடக்கண்ணுக்கு மறுநாளே வேலை போய்விட்டது.

அதனால் பூவலிங்கம் இருமலை விழுங்கிக்கொண்டே கல் உடைத்தான். சோற்று வேளையில் அவன் பெண்டாட்டி சுடலி பொறுக்கமாட்டாமல் எல்லோரையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அம்புட்டுப் பேரும் அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போடுங்கய்யா. எல்லாரையும் நிறுத்திட்டு மேஸ்திரியா கல்லு ஒடைப்பான்?"

ஆளாளுக்குப் போட்டு, எடுத்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் ஒரே பேச்சைப் பேசினார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. நீ சாப்பிட்டியா?"

கடைசியாகப் பூவலிங்கம் போட்டான்.

"நான் சாப்பிட்டேன்யா, வைங்க!" என்றாள் ஆஸ்பத்திரிப் பெண், அவன் வாயைத் திறக்குமுன்பே.

அடக்கி வைத்திருந்த இருமலை அவன் இருமித் தீர்த்தான்.

"வச்சிராத தாயி. எனக்கு நெசமாவே மூச்சு முட்டுது."