பெரிய கடைக்குப் போன பொம்மைகள்

அந்தச் சிவப்புக் கோட்டுப் பெண்ணின் கழுத்தைத் திருகிவிட்டால் என்ன என்று கோசலைக்குத் தோன்றியது. இரண்டு விரல் போதும். பெண்ணின் உயரமே இரண்டு சென்ரிமீற்றர்தான்.

சென் தெனிப் புறநகரில் இருக்கும் அந்த மலிவு விலைக் கடைக்கு அவள் சவர்க்காரத் தூள் வாங்கத்தான் வந்திருந்தாள். நத்தார்ப் பண்டிகை நெருங்குவதால் வாசலிலேயே மாதிரி ரயில் சாமான்களை மலையாகக் குவித்திருந்தார்கள். ரயிலுக்குக் காத்து நிற்கும் குட்டிப் பயணிகள், ஒரு பெட்டியில் ஆறு பேர். பெட்டியின் அடியில் வர்ணம் தீட்டியவரின் இலக்கம் நாற்பத்தொன்று என்று ஒட்டியிருந்தது.

நாற்பத்தொன்று என்றால் இம்மாகுலேற். கோசலையின் இலக்கம் பதினேழு. குவியலை அடிவரை கிளறிப் பார்த்தாள், மருந்துக்குக்கூட ஒரு பதினேழு அகப்படவில்லை. வயிறெரிந்தது அவளுக்கு.

ஆறு வருடமாக வீட்டில் இருந்தபடி ழான்-லூக்குக்கு இந்தப் பொம்மைகளைத் தீட்டிக் கொடுக்கிறாள். லா கூர்னெவ்வில் அவருக்கு ஒரு பண்டகசாலை உண்டு, அங்கிருந்துதான் சாமான்கள் கடைகளுக்குப் போகும். தன்னுடையவை எந்தக் கடைக்குப் போகின்றன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. போன வருடம் இம்மாகுலேற்றை அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அதை நினைக்கத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கோசலை ஒற்றை மயிர்த் தூரிகையால் பொம்மைக்குக் கண்ணிமை வரைகிறவள். இம்மாகுலேற் தொலைக்காட்சி நாடகம் பார்த்தபடி ஒரு மாலையில் ஐம்பது பேருக்குக் கோட்டுப் போட்டு முடிப்பாள். அதில் சிலருக்கு உதடு கன்னத்தில் இருக்கும். ஆனாலும் ழான்-லூக் கோசலையின் பொம்மைகளைத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் துருவுவார். இம்மாகுலேற்றின் பெட்டியை மேலோட்டமாகக்கூடப் பார்க்காமல் தராசில் வைத்து நிறுத்து எடுத்துக்கொள்வார். அவளில் அவ்வளவு நம்பிக்கை, என்னில் சந்தேகம் என்று கோசலை குமைந்து குமைந்து போவாள்.

அன்று பின்னேரமே, தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனேத் தெருவில், மரக்கறிக் கடை வாசலில், இம்மாகுலேற் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்குப் பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலை எனக்கு ரொந்தேவு, ரீச்சரைச் சந்திக்கவேணும். என்ரை பெட்டியையும் ழான்-லூக்கிட்டைக் குடுத்துவிடுவீங்களே?"

"ஓம், தாரும்."

"சென் தெனிப் பெரிய கடையிலை முழுக்க என்ரை பொம்மையளாம் அக்கா. கண்டனீங்களோ?"

"எனக்கெங்கை அங்கையெல்லாம் போக நேரம்?" என்றாள் கோசலை, அந்தக் கடையின் பெயர் போட்ட பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு.

இதை இவள் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள், நகைக்கடைக்காரர் வரைக்கும் தெரிந்திருக்கும். எங்கள் சனத்துக்குப் பெரிய கடையில் சாமான் கிடக்கிறதென்றால் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. கோசலைக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றின் மேல் பதினேழு என்று துண்டு செருகியிருந்தது, மற்றதன் மேல் நாற்பத்தொன்று. எப்படியும் இம்மாகுலேற்றின் பொம்மைகள்தான் பெரிய கடைக்குப் போகப்போகின்றன. போகட்டும், என் இலக்கத்தோடு போகட்டும். ஒருதரம் உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு நானும் அவளைப் போல ஓட்டமாகத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

துண்டுகளை மாற்றிச் செருக அரை நிமிடம்கூட ஆகவில்லை. லா கூர்னெவ் வரும்வரை பெட்டிகளை இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தாள்.

ழான்-லூக் பதினேழாம் இலக்கப் பெட்டியை முதலில் திறந்தார். கண்ணாடியை வைத்து ஒரு பொம்மையைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், மூன்றாவதோடு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். கோசலையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பரவாயில்லை, மதாம்," என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்லிவிட்டு, பெட்டியை அப்படியே தூக்கித் தராசில் வைத்தார்.

தராசில்! ஆறு வருடத்தில் முதல் தடவை! கோசலைக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அடுத்த பெட்டியையும் நிறுக்கத்தான் தூக்கினார். திறந்திருந்த மூடி வழியாக ஏதோ கண்ணில் பட, ஒரு பொம்மையை எடுத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகத் துருவத் தொடங்கினார். வேணும், நல்லா வேணும் அவளுக்கு என்று கோசலை மனதுக்குள் சிரித்தாள்.

"அப்படியென்றால் என்னுடையவை இனிச் சென் தெனிக் கடைக்குப் போகுமா, மிசியே?" என்று தன் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆம், மதாம். இனி எல்லாமே அங்கேதான்."

நாளைக்கே ரூ பெர்தொனேயை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். நகைக்கடையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கவேண்டும்.

"பாவம், இம்மாகுலேற்றின் பொம்மைகள்?" குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

ழான்-லூக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவு காலம் உங்களுடையவை மட்டும் போன இடத்துக்கு, பெரிய சேகரிப்பாளர்களின் அலுமாரிக்கு. சென் தெனியில் நாங்கள் கொட்டுவது கழித்துவிட்டதைத்தானே, மதாம்!"