இரண்டாம் பாகம் பார்க்காதவன்

“இந்த வாரமும் ரெண்டாம் பாகம் பார்க்கலையா?”

ஜெகதீஸ்வரி கேட்டதும் தயாளன் தலையைச் சொறிந்தான்.

“முதல் பாகம் பார்த்துட்டேன்க்கா. ரெண்டாவதுக்கு நேரமே கிடைக்கல லா.”

ஜார்ஜ்டவுனில் நாகூர் மீரானின் நாசி கண்டார் சோற்றுக்கடை மாடியில் ஞாயிறு காலையில் கூடும் குழு அது. நாலே பேர்தான். இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ‘ஒன்பதாவது நிலா’ என்ற விண்வெளித் தொடரில், இரண்டு பாகமாக வந்த கதைகளை மட்டும் எடுத்து வாரம் ஒன்றாக அலசுவார்கள். பேசியதை ஜெகதீஸ்வரி எழுதி இணையத்தில் போடுவாள். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு அவள் வேலை. குழுவுக்கும் ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: இரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

“முதல் பாகத்துல ஏழு முடிச்சு போட்டாங்க. ரெண்டாம் பாகத்துல ஒரே பட்டனை அமுக்கி எல்லாத்தையும் அவுத்துட்டாங்க. ஏமாத்து வேலை!” என்று ஆரம்பித்தார் மீரான்.

“பாய், இருங்க. எனக்குத்தான் கதை தெரியாதே.” தயாளன் பக்கத்திலிருந்த சுப்பையாவிடம் திரும்பினான். “அண்ணே, நீங்க சொல்லுங்க. கேப்டன் அந்தப் பொண்ணைக் கிரகத்துலயே விட்டுட்டுப் போனாரே, அப்புறம்?”

சுப்பையாவுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்தது. கைகால் தேறிவிட்டது. பேச்சுதான் இன்னும் ஒவ்வொரு வார்த்தையாக வரும்.

“கப்பல்... திரும்புச்சு. ஆனா அங்க... பதினோரு வருஷம்... ஆயிருச்சு.”

“ஐயையோ! அந்தப் பொண்ணு?”

“அவ... கதவு... திறக்கல.”

தயாளன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் போயிற்று. மீரானின் தே தாரிக் டீ ஆறிப்போனது. ஜெகதீஸ்வரி இரண்டு முறை மணி பார்த்தாள்.

“கேப்டன்... மன்னிப்பு... கேக்கவே இல்ல. அதான்... தப்பு” என்று முடித்தார் சுப்பையா.

அட, இது யாருக்கும் தோன்றவில்லையே! ஜெகதீஸ்வரி அதைக் குறித்துக்கொண்டாள். ஆனாலும் தயாளன் மேல் இருந்த எரிச்சல் அடங்கவில்லை. படியிறங்கும்போது அவனை நிறுத்தினாள்.

“தம்பி, ஒரு வாரம்னா பரவால்ல. எட்டு வாரமா இதே பாட்டு. பாவம், சுப்பையா அண்ணனைப் போட்டு ஏன் இப்படிச் சிரமப்படுத்துற? இனிமே பார்க்காம வர்றதா இருந்தா வராத.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலேயே சுப்பையா, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெர்ரிப் படகைப் பிடிக்கக் கிளம்பினான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பேச்சு மளமளவென்று ஓடியது.

“அண்ணே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று சுப்பையாவிடம் கேட்டாள் ஜெகதீஸ்வரி.

“எனக்கு... அந்த...”

“அந்த ரோபோ சண்டைதானே? எனக்கும் அதான் பிடிச்சுது” என்று முடித்துவைத்தார் மீரான்.

சுப்பையா தலையாட்டினார். அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. அரை மணியில் கூட்டமே முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சுப்பையாவின் மனைவி நவமணி போன் செய்தாள்.

“ஜெகா, இன்னிக்கு தயாளன் வரலையா? சனிக்கிழமை பூரா இவரு கண்ணாடி முன்னால நின்னு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாரு. இப்ப வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல.”

ஜெகதீஸ்வரிக்கு என்னவோ உறுத்தியது. தொடரைப் பார்க்க நாலு பேருக்கும் சேர்த்து ஒரே இணையக் கணக்குதான். அவள் பெயரில் எடுத்தது. உள்ளே ஆளுக்கொரு பக்கம். இதுவரை மற்றவர் பக்கத்தை அவள் திறந்ததில்லை. இப்போது தயாளனின் பக்கத்தைத் திறந்தாள்.

எட்டு வாரத்து இரண்டாம் பாகங்களும் பட்டியலில் இருந்தன. எல்லாமே கடைசிவரை பார்த்தவை. சிலது இரண்டு தடவை.

உடனே போன் போட்டாள்.

“பார்த்துட்டு ஏன் தம்பி பொய் சொன்ன?”



“என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டாகூட நாமதான்க்கா அவருக்கும் சேர்த்துச் சொல்லிடுறோம். கதை தெரியாதவன் ஒருத்தன் எதிர்ல உக்காந்திருந்தா, அவர் முழுசா சொல்லித்தானே ஆகணும்? அன்னிக்குப் படியில அவர் காதுல விழற மாதிரி இதை எப்படி உங்ககிட்ட சொல்றது, அதான்.”



“மன்னிச்சிரு தம்பி. வர்ற ஞாயிறு வந்துரு.”

ஞாயிறு வந்தது. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தயாளன் தலையைச் சொறிவதற்குள் ஜெகதீஸ்வரி முந்திக்கொண்டாள்.

“இந்த வாரம் எனக்கு வேலை ஜாஸ்தி. ரெண்டாம் பாகம் பார்க்கவே இல்ல. அண்ணே, நீங்கதான் கதை சொல்லணும்.”

விதி போட்டவளே இப்படிச் சொல்கிறாளே என்று மீரான் திகைத்துப் பார்த்தார்.

சுப்பையா அவளைப் பார்த்தார். பிறகு தயாளனைப் பார்த்தார். உதட்டோரம் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

“அப்போ... நீயும்... பார்த்துட்டியாம்மா?”