சுஜூதில் ஒரு முதுகு

“சுஜூதில கிடக்கிற மனிசன்ட உடம்ப, இந்த உலகத்தில சரியா விளங்கின ஒரே ஆள் நான்தான் வாப்பா.”

இன்பாஸ் இதைச் சிரிக்காமல் சொன்னான். பஸ் டிப்போவில் காலமெல்லாம் டயர் கழற்றி முழங்கால் தேய்ந்துபோன மீராசா, மகனின் டேப்லட் திரையை எட்டிப் பார்த்தார்.

திரையில் ஒரு மனிதன் நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடந்தான். தோலுக்குள்ளே முதுகெலும்பு கணு கணுவாக எரிந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை வெளிச்சம் தண்ணீர்போல ஓடியது. இந்தியாவில் நடக்கும் ‘உடலும் ஆன்மாவும்’ இணையக் கண்காட்சிக்கு எடுபட்ட, இன்பாஸ் வரைந்த படம்.

“முகம் கீறல்லையா மகன்?”

“முகம் நிலத்தில கிடக்கு வாப்பா. பள்ளிவாசல் தலைவரே வந்து பார்த்தாலும் குற்றம் புடிக்க ஏலா.”

தங்கை ஆதிலா களுக்கென்று சிரித்தாள்.

“சிரிச்சது போதும். அந்த இடுப்புப் பக்கத்தப் பெரிசாக்கி வாப்பாக்குக் காட்டு” என்று சாய்ந்தபடியே அதிகாரம் பண்ணினான் இன்பாஸ். அவள் இரண்டு விரலால் திரையை விரித்தாள். இடுப்பெலும்பு பூப்போல விரிந்தது.

மீராசா நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு தெரிஞ்ச நீ, ஒரு வக்து தொழுதா என்ன மகன்? நான் கபுறுக்குப் போக முந்தி அதக் காணணும். வேற ஒண்டும் உன்னட்டக் கேக்கல்ல.”

“எப்படி? நீங்க தொழுற மாதிரியா? கதிரையில குந்திக்கிட்டு, தலைய மட்டும் ஆட்டி? அது தொழுகையில்ல வாப்பா. அக்கரைப்பற்று பஸ்ஸில நித்திரை தூங்கி விழுறது.”

“காக்கா!” ஆதிலா அண்ணனை அதட்டினாள்.

“மெய்யத்தானே சொல்றன்? முதுகு வளையணும். நெத்தியில மண் ஒட்டணும். உடம்பு போகாத இடத்துக்கு ரூஹு மட்டும் தனியாப் போகுமா?”

மீராசாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் லேசாக இருந்திருக்கும்.

“ஏலாதவனுக்கு ஏலுமான மாதிரி. அல்லாஹ் அதுக்கு வழி வச்சிருக்கான் மகன்.”

“அவன் வச்சிருக்கலாம். எனக்கு அரைகுறை வேலை புடிக்காது.”

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மீராசா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை போனவர், அங்கே நின்றார்.

“கதிரையில குந்தின முதல் நாள், நான் தொழுகை முடியும்வரைக்கும் அழுதன். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல” என்றார், திரும்பிப் பார்க்காமல். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

ஆதிலா தேத்தண்ணீரைச் சூடாக்கக் குசினிக்குப் போனாள். இன்பாஸ் படத்தின் முதுகில் இன்னொரு வெளிச்சக் கோடு போடப் பார்த்தான். கோடு கோணியது. அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதுவும் கோணியது. பேனையை விட்டுவிட்டான்.

“ஆதிலா.”

“தேத்தண்ணி கொதிக்குது காக்கா, பொறுங்க.”

“தேத்தண்ணி வேணாம். வுழூ எடுக்கணும்.”

குசினியில் சத்தம் நின்றது. அவள் வாளியில் தண்ணீரும் துவாயும் கொண்டுவந்தாள். வாப்பா வந்தால் சொல்லவேண்டாம் என்று அவன் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

மெத்தையில் விழுந்து கிடந்த பேனையை எடுத்து, அவன் கடித்துப் பிடிக்கும் முனையிலிருந்த எச்சிலைத் துடைத்து வைத்தாள். பிறகு அவன் முகத்தைக் கழுவி, விபத்துக்குப் பிறகு அசையாத கைகளையும் கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுவி, கட்டிலைத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பிவிட்டாள். இன்பாஸ், இடுப்பு வளைத்துக் குனியவேண்டிய ருகூவுக்குத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். சுஜூதுக்கு இன்னும் கொஞ்சம்.