கழுத்திலிருந்து கீழே

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு ஜன்னலில் டிசம்பர் வெயில் நீர்மோர் நிறத்தில் விழுகிறது. பதின்மூன்று வயது நோரா கையை விரித்து நிற்க, அவள்மேல் பாதி ஸ்வெட்டர். கடைகளில் சிறுமிகளுக்கான ஸ்வெட்டரிலெல்லாம் கரடிப் பொம்மைப் படம். பெரியவர்களுக்கானது தோளிலிருந்து வழிகிறது. பின்னல் புத்தகத்தின் அளவும் பத்து வயதிலிருந்து நேராக அம்மாக்களுக்குத் தாவிவிடுகிறது. சரியான உடுப்பு இல்லாமல் கிறிஸ்துமஸ் கொயரில் பாட நிற்கமாட்டேன் என்றிருக்கிறாள். அதனால் அம்மா ஜோசபின் கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுகிறாள். இப்படிப் பின்னினால் அளவே தேவையில்லை, போட்டுப் பார்த்து வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். “போதுமாடி?” “கையத் தூக்கினா மேல ஏறுது மம்மி. இன்னும் கொஞ்சம்.” “முட்டி வரைக்கும் வந்துடும்.” “வரட்டும்.” ஜோசபின் மண்டியிட்டு, அவள் மேலேயே அடுத்த சுற்றைத் தொடங்குகிறாள். நீல நூற்கண்டு தரையில் மெல்ல உருள்கிறது. எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடியே நோரா கேரல் பாட்டின் முதல் வரியை முணுமுணுக்கிறாள்.